ஆவலுடன் எதிர்பார்க்கும்

6 ஜனவரி 2025, திங்கள்

உரக் கம்பெனி கொடுத்த டைரி. வருஷா வருஷம் வரும். பொங்கல் வரைக்கும் எழுதுவேன், பிறகு அதன்மேல் தேநீர்க் கோப்பை உட்கார்ந்துகொள்ளும். இந்த வருஷம் விடாமல் எழுதலாம் என்றிருக்கிறேன். காரணம் உண்டு. அதை இன்று எழுதப் போவதில்லை.

இன்று எழுத வேண்டியது எங்கள் புது மேனேஜரைப் பற்றி. ஹேமநாதன் சார் சிரம்பான் பக்கத்து இந்தச் செம்பனைத் தோட்டத்துக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, அதற்குள் என் இங்கிலீஷைத் திருத்துவதே அவருக்கு முக்கால் வேலையாகிவிட்டது. நான் இங்கே பத்து வருஷமாகக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. செம்பனைக் குலைக் கணக்கிலிருந்து டிராக்டர் டயர் வரைக்கும் என் கடிதத்தில்தான் போகிறது. என் இங்கிலீஷ் சரியில்லை என்று கோபித்துக்கொண்டு எந்த டயரும் இதுவரை வராமல் இருந்ததில்லை.

இன்று டிராக்டர் சாமான் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தின் கடைசி வரியில் சிவப்புப் பேனாவால் வட்டம். 'ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை' என்று எழுதியிருந்தேன்.

"ஷாமினி, இது வட்டிக்காரன் வாசல்ல வந்து நிக்கிற மாதிரி இருக்கு. 'லுக்கிங் ஃபார்வர்ட் டு' போடுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"ஒண்ணு இல்ல. பஸ்ஸுக்கு வெயிட் பண்ணலாம், பல்லு டாக்டருக்கு வெயிட் பண்ணலாம். லுக்கிங் ஃபார்வர்ட்னா வரப்போறத நெனச்சு இப்பவே சந்தோசமா இருக்கறது."

கியர் பெட்டிக்குப் போடும் வளையம் வரப்போவதை நினைத்து யார் சந்தோஷப்படுவது? கேட்கவில்லை. மாற்றி அடித்துக் கொடுத்தேன்.

8 ஜனவரி, புதன்

அந்த வார்த்தை மண்டையை விட்டுப் போகவில்லை. தமிழில் அதற்கு என்ன? 'எதிர்பார்க்கிறேன்' என்றால் சரியாக வரவில்லை. நாம் கெட்டதையும்தான் எதிர்பார்க்கிறோம். மேனேஜரின் திட்டை எதிர்பார்க்கிறோம், வெள்ளத்தை எதிர்பார்க்கிறோம். கல்யாணப் பத்திரிகையின் அடியில் 'தங்கள் வருகையை ஆவலுடன் எதிர்பார்க்கும்' என்று அச்சடிப்பார்கள், அது கிட்டத்தட்ட வருகிறது. ஆனால் அதை யாராவது வாயால் சொல்லிக் கேட்டிருக்கிறேனா? 'ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்' என்று என் வீட்டுக்காரர் தேவனிடம் சொன்னால், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

எங்கள் வீடுகளில் அப்படிப் பேசி வளரவில்லை. நல்லது வரப்போகிறதென்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பரீட்சை நன்றாக எழுதினேன் என்று சொன்னாலே அம்மா, "சரி சரி, சத்தம் போட்டுச் சொல்லாத" என்பார். ரிசல்ட் வந்த பிறகும் அப்படித்தான்.

9 ஜனவரி

காலையில் பார்த்தேன். சாயங்காலம் மறுபடியும் பார்த்தேன். இரண்டு கோடுதான்.

12 ஜனவரி, ஞாயிறு

அத்தைக்குச் சொல்லியாகிவிட்டது. வள்ளியம்மா அத்தை தேவனின் அம்மா, எங்களோடுதான் இருக்கிறார். தேவன்தான் சொன்னார், நான் அடுப்படியில் நின்றுகொண்டேன்.

இது மூன்றாவது. முதலாவது மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. இரண்டாவது ஐந்தாம் மாதம்வரை வந்தது. அப்போது அத்தை கோயில் திருவிழாவில் வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்திச் சொன்னார். தேவன் நீலாயிலிருந்து ஒரு மரத்தொட்டில் வாங்கிவந்து நடு அறையில் பூட்டி வைத்தார். பிறகு அதை அவரேதான் கழற்றினார். ஒவ்வொரு ஆணியாக. அந்தச் சத்தம் இன்னும்— வேண்டாம். அதை எழுதுவதற்கு இல்லை இந்த டைரி.

அத்தை இந்தத் தடவை சட்டம் போட்டுவிட்டார்.

"வயிறு தானா தெரியற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. ஒரு புதுச் சாமான் வீட்டுக்குள்ள வரக்கூடாது. பேரு யோசிக்கக்கூடாது. ரெண்டு பேரும் கேட்டுக்கங்க. ஊர்க்கண்ணு பட்டது போதும்."

"ஆபீஸ்ல, அத்தை?"

"அங்கதான் முக்கியமா சொல்லாத. லெட்சுமிகிட்ட ஒரு வார்த்த சொன்னா போர்டிக்சன் வரைக்கும் போயிரும்."

லெட்சுமி எங்கள் ஆபீஸைக் கூட்டித் துடைப்பவர், பின்வரிசை லயத்து வீட்டில் இருக்கிறார், ஐந்து பிள்ளைகள். அவர் வாயைப் பற்றி அத்தை சொன்னது பொய்யில்லை.

சரி என்றேன். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. யாருக்கும் சொல்லாமல் இருந்தால், இதுவும் போய்விட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 'ஐயோ பாவம்' என்று யாரும் கையைப் பிடிக்கமாட்டார்கள். பாவத்தைவிட அந்தக் கைகள்தான் போன தடவை என்னைக் கொன்றன.

14 ஜனவரி, பொங்கல்

பால் பொங்கி வழிந்தது. அத்தை என்னைப் பார்த்தார், உடனே வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். நானும் பாலைத்தான் பார்த்தேன். பொங்கலோ பொங்கல் என்று தேவன் மட்டும் கத்தினார்.

11 பிப்ரவரி, தைப்பூசம்

கோயிலுக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று லெட்சுமியிடம் சொன்னேன். "சரிம்மா, சுக்குத்தண்ணி குடி" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. லெட்சுமி ஒன்றும் கேட்காமல் போவது சூரியன் மேற்கே உதிப்பதுபோல.

20 பிப்ரவரி, வியாழன்

கிளினிக். பிரசவக் குறிப்பு எழுதும் ரோஸ் நிறப் புத்தகம் கொடுத்தார்கள். எனக்கு இது மூன்றாவது ரோஸ் புத்தகம், அதைப் பையில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

டாக்டர் சின்னப் பெண், சீனப் பெண், சிரித்த முகம். பழைய விவரமெல்லாம் படித்துவிட்டு, "சோ, ஆர் யூ லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்?" என்று கேட்டார். ஹேமநாதன் சாரின் வார்த்தை இங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கிறது. கடிதத்தில் இருபது தடவை அடித்துவிட்டேன், டயர் கம்பெனிக்கெல்லாம் ஆசையாசையாக எழுதிவிட்டேன். ஒரு மனுஷி நேரில் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. "யெஸ் டாக்டர்" என்றேன். பிறகு, "ஐ டோன்ட் நோ டாக்டர்" என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் தேவனிடம் கேட்டேன், உங்களுக்கு ஆசையாக இருக்கிறதா என்று. காரை ஓட்டிக்கொண்டே இருந்தார். ராசா டவுன் சிக்னல் தாண்டிய பிறகுதான் பேசினார்.

"ஆசையாத்தான் இருக்கு. அம்மாகிட்ட சொல்லிடாத."

யோசித்துப் பார்த்தால் தமிழில் நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன், வருவது எதிரே வருகிறது. மாலையோ லாரியோ தெரியாது, பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இங்கிலீஷ்காரன் முன்னால் பார்த்துக்கொண்டே நடக்கிறான். நடப்பதற்கு ஒரு தைரியம் வேண்டும். எனக்கு இப்போதைக்கு நிற்கத்தான் தெரியும்.

10 மார்ச்

புடவை கட்டினால் தெரியவில்லை. சட்டை போட்டால் கொஞ்சம் தெரிகிறது. துப்பட்டாவை இறக்கிப் போட்டுக்கொள்கிறேன். ஹேமநாதன் சார் ஃபைலை விட்டுத் தலையைத் தூக்குகிற ஆளில்லை, அது வசதி.

வாரத்தில் ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் இரண்டாம் டிவிஷனுக்குப் போய் ஆள்கணக்குச் சரிபார்க்க வேண்டும். செம்மண் பாதை. போகமுடியாது என்றால் ஏன் என்று கேட்பார்கள். மெதுவாகத்தான் போகிறேன். போன வாரம் பார்த்தேன், அந்தப் பெரிய பள்ளங்களை யாரோ கல் கொட்டி நிரவியிருக்கிறார்கள். அதிசயம். நான் அதற்கு மூன்று தடவை கடிதம் அடித்து ஓய்ந்திருந்தேன்.

24 மார்ச், திங்கள்

ரத்தம்.

டிவிஷனிலிருந்து திரும்பி வந்து பாத்ரூம் போனபோது. தேவனுக்கு ஃபோன் போட்டேன், நீலாய் பேக்டரியில் மெஷின் சத்தத்தில் எடுக்கவில்லை. யாரைக் கூப்பிடுவேன்? யாருக்குமே தெரியாதே. கதவைத் திறந்துகொண்டு அப்படியே நின்றேன். லெட்சுமிதான் பார்த்தார். பக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து, ஒரு கேள்வி கேட்கவில்லை, "உக்காரு, நடக்காத" என்றார். ஹேமநாதன் சாரின் காரில்தான் சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.

இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நர்ஸ் மிஸி வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார். இந்த டைரி கைப்பையில் இருந்தது. எழுதாவிட்டால் பைத்தியம் பிடிக்கும். மாரியாத்தா. இருந்துடு. நீ இருந்துடு.

26 மார்ச், புதன்

இருக்கிறது. நெஞ்சு துடிப்பதைக் கேட்கவைத்தார்கள். குதிரை ஓடுகிறதுபோல ஒரு சத்தம்.

நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறதாம். போகப் போக மேலே ஏறிவிட வாய்ப்பு உண்டு, ஆனால் மோட்டார் கூடாது, சுமை கூடாது. மோட்டார்தான் காரணம் என்று சொல்லமுடியாது என்றார் டாக்டர். "ஆனா இந்த நிலமையில எதுக்கு மோட்டார்ல போனீங்க? வேலை செய்யற இடத்தில சொல்லலியா?" என்று மிஸி தமிழில் கேட்டார். என்ன சொல்வேன்? கண் படக்கூடாது என்று மூடி மூடி வைத்ததைச் செம்மண் பாதையில் குலுக்கிக்கொண்டு போனேன் என்றா?

அத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே இருந்தார். தின்ன ஆளில்லை, உரித்துக்கொண்டே இருந்தார்.

3 ஏப்ரல், வியாழன்

நோன்புப் பெருநாள் ராயா விடுமுறை முடிந்து இன்று ஆபீஸ். ஹேமநாதன் சாரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டு உட்காரச் சொன்னார்.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா டிவிஷனுக்கு நான் போயிருப்பேன்ல? நான் என்ன புலியா, கடிச்சிருவேனா?"

"இல்ல சார், வீட்ல பெரியவங்க—"

"தெரியும் தெரியும். எங்க வீட்லயும் பெரியவங்க இருக்காங்க." அவ்வளவுதான். இனி டிவிஷன் கணக்கு அவர் பொறுப்பு.

லெட்சுமியிடம் நன்றி சொன்னேன். யாருக்கும் சொல்லாமல் இருந்ததற்குக் கோபிக்காதீர்கள் என்றேன். லெட்சுமி சிரித்த சிரிப்பில் பக்கெட் தண்ணீர் தளும்பியது.

"யாருக்குமா தெரியாது? தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும். நீ சொல்லலன்னு நாங்களும் வாயத் தெறக்கல. ரெண்டாம் டிவிஷன் ரோட்டுல கல்லு கொட்டினது யாருன்னு நெனச்ச? எங்க வீட்டுக்காருதான். கிராணியம்மா மோட்டாரு குலுங்குதுன்னு."

அவர் வீட்டுக்காரர் இராஜமாணிக்கம் அண்ணன், டிராக்டர் ஓட்டுகிறவர். தினமும் பார்க்கிறேன், 'பசியாறியாச்சாம்மா' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் மேசையில் தலையை வைத்து அழுதுவிட்டேன். ஊர்க்கண் ஊர்க்கண் என்று இவ்வளவு நாளும் பயந்தேனே. அந்தக் கண்களெல்லாம் எனக்குப் பாதை போட்டுக்கொண்டிருந்திருக்கின்றன.

ஆனால் இவர்களுக்கெல்லாம் எப்படித் தெரிந்தது? லெட்சுமியைக் கேட்டால், "தெரிஞ்சது" என்கிறார்.

18 ஏப்ரல்

உதைத்தது. ஹேமநாதன் சார் உர இருப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது.

11 மே, ஞாயிறு

இன்று வீட்டில் சண்டை. நான்தான் ஆரம்பித்தேன், நான் எழுதும்போது நியாயமாக எழுதவேண்டும் அல்லவா. ஆரம்பித்தது நான்.

அத்தை சோறு போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார், பிள்ளையைத் தவிட்டுக்கு வாங்கவேண்டும் என்று. ரெண்டு போய் மூன்றாவது பிறந்தால் அப்படித்தான் செய்யவேண்டுமாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வாசலில் வைத்து நான் பிள்ளையை லெட்சுமி கையில் கொடுக்கவேண்டும். "எனக்கு வேணாம், நீயே எடுத்துக்க" என்று என் வாயால் சொல்லவேண்டும். பிறகு அத்தை ஒரு பிடி தவிடு கொடுத்து லெட்சுமியிடமிருந்து பிள்ளையை விலைக்கு வாங்குவார். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை, யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் திரும்பிப் பார்க்கமாட்டானாம்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "வேண்டாம்னு சொல்றதுக்கா அத்தை நான் இத்தனை ஊசி போட்டுக்கறேன்? புதுச்சட்டை வாங்காதன்னீங்க, வாங்கல. பேரு யோசிக்காதன்னீங்க, யோசிக்கல. இப்ப எம் புள்ளைய எனக்கே வேண்டாம்னு சொல்லச் சொல்றீங்க. அப்ப எதுக்கு பெத்துக்கறது?"

அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

தேவன் கரண்டியை எடுத்து வைத்துவிட்டு, "நானும் தவிட்டுப் புள்ளதான்" என்றார். கல்யாணமாகி எட்டு வருஷம், இது எனக்குத் தெரியாது. அவருக்கு முன்னால் இரண்டு பேர் பிறந்து, லயத்து வீட்டிலேயே காய்ச்சலில் போய்விட்டார்களாம். ஒருவனுக்குப் பெயர்கூட வைத்தாகிவிட்டதாம். அதனால்தான் பெயர் யோசிக்காதே என்கிறாரா? "ஒரு பிடி தவிட்டுக்கு வாங்கினாங்க. இப்ப என்னைத் தூக்கிப் பாரு, நட்டமே இல்ல" என்று தொப்பையைத் தட்டிக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் வந்தது.

25 மே, ஞாயிறு

அத்தையும் நானும் பேசிக்கொள்வதில்லை என்று இல்லை. உப்பு, புளி, கேஸ் தீர்ந்தது, இதெல்லாம் பேசுகிறோம். ஞாயிறு விடிந்தால் பஸ் பிடித்து ராசாவுக்குப் போய்விடுகிறார், சாயங்காலம்தான் வருகிறார். எங்கே என்று கேட்டால், "சொந்தக்காரங்கள பாக்க வேணாமா" என்கிறார். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லைபோல.

8 ஜூன், ஞாயிறு

கேட்டுவிட்டேன். "அத்தை, எனக்கு வளைகாப்பு செய்யுங்க."

முறைப்படி வீட்டில் பெரியவர்கள் தானாகச் செய்யவேண்டியது, வாய்விட்டுக் கேட்கிற மருமகள் இந்தத் தோட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போன தடவை நாள் குறித்தபிறகுதான் போய்விட்டது. அத்தைக்கு அந்த நினைப்பு. தலையை ஆட்டினார்.

"வேணாம். புள்ள பொறந்தப்பறம் எல்லாம் செய்யலாம்."

"போன தடவை வளையலாலயா போச்சு? இந்தத் தடவை வாயை மூடிக்கிட்டுதானே இருந்தோம். அப்பவும் ரத்தம் வந்துச்சுல்ல?"

நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு அத்தை. தினமும் பயமா இருக்கு. ஆனா ஆசையாவும் இருக்கு. இந்தப் புள்ள நாளைக்கு என்ன ஆனாலும், அது வயித்துல இருந்தப்ப அத நெனச்சு ஒரு நாள்கூட நான் சந்தோசமா இல்லேன்னு ஆகக்கூடாது. ஒரு நாளாச்சும் இருக்கணும்."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, இதுதான் அந்த டாக்டருக்கு நான் சொல்லாத பதில் என்று.

அத்தை எழுந்து தன் அறைக்குப் போனார். அவ்வளவுதான், வாழ்நாளுக்கும் பேசமாட்டார் என்று நினைத்தேன். அலமாரி திறக்கிற சத்தம். ஒரு பெரிய துணி மூட்டையைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் அவிழ்த்துக் கொட்டினார்.

குழந்தைத் துணி. எல்லாம் பழசு. வெளுத்து, மெத்தென்று, மடித்து மடித்து. சின்னச் சட்டைகள், கயிறு வைத்துக் கட்டுகிற சட்டை, காது வைத்த தொப்பி, தொட்டில் கட்டுவதற்குக் கிழிசலில்லாத பழைய நூல்புடவைகள்.

"இது ராசாவுல நம்ம சொந்தக்காரி பஞ்சாலை வீட்டுது. நாலு புள்ளையும் நல்லா இருக்கு, கடைசிப் பொண்ணு நர்சுக்குப் படிக்குது. இது மாரியம்மா பேரனுது. இந்தப் பச்ச சட்ட லெட்சுமி வீட்டுது, அஞ்சு புள்ளையும் இதுலதான் கெடந்துச்சு."

நன்றாக வளர்ந்த பிள்ளைகளின் பழந்துணியைத்தான் பிறந்த பிள்ளைக்கு முதலில் போடவேண்டும் என்பது வழக்கம், எனக்கும் தெரியும். ஆனால் இவ்வளவா? இரட்டைப் பிள்ளை பிறந்தாலும் மிஞ்சும்.

"புதுசு வாங்கக்கூடாதுன்னுதானே சொன்னேன்" என்றார், என்னைப் பார்க்காமல். "பழசு வாங்கக்கூடாதுன்னு சொல்லலயே."

"எப்பலேருந்து அத்தை?"

"பொங்கல்லேருந்து."

பொங்கலிலிருந்து! அப்போது எனக்கே நம்பிக்கை இல்லை. மூச்சு விடாதே என்று எங்களுக்குச் சட்டம் போட்டுவிட்டு, இந்தம்மா லயம் லயமாக, ராசா வரைக்கும் போய் வீட்டுக்கு வீடு குழந்தைத் துணி கேட்டிருக்கிறார். தோட்டத்துக்கே எப்படித் தெரிந்தது என்று இப்போது புரிந்தது. வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கமாட்டார், சத்தியமாகச் சொல்லியிருக்கமாட்டார். கையை நீட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன், வயிறு இடித்தது. நாங்கள் கட்டிக்கொள்கிற குடும்பமில்லை. அத்தை விறைத்துப்போய் நின்றார், பிறகு என் முதுகைத் தடவினார். ஆடி பிறப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிறு பார்க்கலாம் என்றார். தவிட்டு விஷயத்துக்கு நான் சரி என்றேன். இவருக்காக ஒரு வார்த்தை சொன்னால் என்ன, வாய் தேய்ந்தா போகும்.

15 ஜூன், ஞாயிறு

தேவன் வளைகாப்பு அழைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். ரோஜாப்பூ, இரண்டு மயில், கண்ணைக் கூசுகிற பச்சை. அடியில் 'தங்கள் வருகையை ஆவலுடன் எதிர்பார்க்கும்' என்று போட்டு, முதல் பெயராக வள்ளியம்மா. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியைப் படித்தார். பேரப்பிள்ளை வருகையைச் சொல்லவில்லை, விருந்தாளி வருகையைத்தான் சொல்லியிருக்கிறது என்று தேவன் சமாதானம் சொன்னார். "இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அத்தை.

22 ஜூன், ஞாயிறு

இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். டைரி எழுதினால் சலசலக்கிறது. லெட்சுமி எலுமிச்சைச் சோற்றை மட்டும் மூன்று தடவை ஊட்டினார். இராஜமாணிக்கம் அண்ணன் டிராக்டரிலேயே நாற்காலி கொண்டுவந்து இறக்கினார். ஹேமநாதன் சார் மனைவியோடு வந்து, பலாப்பழம் ஒன்றைத் தூக்கமுடியாமல் தூக்கிக் கொடுத்தார். யாரும் 'பாவம்' என்று சொல்லவில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன்: நான் சந்தோஷமாக இருந்தேன்.

15 ஜூலை

ஸ்கேன். நஞ்சுக்கொடி மேலே ஏறிவிட்டது. டாக்டர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார், நானும் காட்டினேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

சிரம்பானில் தவிடு தேடி தேவன் அலைந்த கதையை எழுதாமல் விடக்கூடாது. மளிகைக்கடையில் கேட்டால் ஓட்ஸ் எடுத்துக் கொடுத்தார்களாம். கடைசியில் கோழித் தீனி விற்கிற சீனர் கடையில் கிடைத்திருக்கிறது. ஒரு பிடி போதும் என்றதற்கு, ஒரு பிடியெல்லாம் விற்கமாட்டேன், ஒரு மூட்டைதான் என்றாராம். இப்போது வாசலில் ஒரு மூட்டை தவிடு. இத்தனைக்கு ஒரு டிவிஷன் பிள்ளைகளையே வாங்கலாம்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

பெண். நேற்று மதியம். அவள் அழுதாள், நான் அழுதேன், தேவன் வெளியே காரிடாரில் யாரோ ஒரு மலாய்க்கார அண்ணனைக் கட்டிப்பிடித்து அழுதாராம்.

நிறைய முடி. காது அத்தையுடையது.

28 ஆகஸ்ட், வியாழன்

இன்று வீட்டுக்கு வந்தோம்.

வாசலில் எல்லாம் தயார். அத்தை ஆலம் கரைத்து வைத்திருந்தார், பக்கத்தில் சுளகில் தவிடு. லெட்சுமி குளித்து மஞ்சள் புடவை கட்டி, வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார். லயத்து ஆட்கள் பாதிப் பேர் வேலிக்கு அந்தப் பக்கம். காரிலிருந்து இறங்கினேன். பிள்ளை அந்தப் பச்சைச் சட்டையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

லெட்சுமி கையை நீட்டினார். "சொல்லும்மா."

என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒத்துக்கொண்டதுதான். வழியெல்லாம் காரில் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன், ஒரு வார்த்தைதானே, சும்மா சடங்குக்குத்தானே. அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு வாசலில் நின்று, தேவனைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னவர்.

"எனக்கு—" என்றேன்.

அதற்கு மேல் வரவில்லை. பிள்ளை தூக்கத்தில் உதட்டைச் சுழித்தாள்.

"எனக்கு வேணும்" என்றேன்.

தேவன் பையைக் கீழே வைத்தார். நான் மறுபடியும் சொன்னேன், இந்தத் தடவை வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "எம் புள்ள அத்தை. எனக்கு வேணும்."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன். அத்தை என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து பிள்ளையைப் பார்த்தார், இவ்வளவு கிட்டத்தில் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். சுளகை எடுத்தார், நாலு எட்டு நடந்து போய் வேலியோரம் மேய்ந்த லெட்சுமி வீட்டுக் கோழிகளுக்கு முன்னால் அப்படியே தவிட்டைக் கவிழ்த்துவிட்டு வந்தார்.

"வேணும்னுட்டா. அப்பறம் என்ன" என்றார் எல்லோருக்கும் பொதுவாக. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெயில்ல நிக்காத, பச்ச ஒடம்பு. உள்ள வா."

ஆலம் சுற்றி உள்ளே கூட்டிப் போனார்.

5 அக்டோபர், ஞாயிறு

பத்து நிமிஷம் கிடைத்திருக்கிறது, எழுதிவிடுகிறேன். அத்தை காலையில் சிரம்பான் பாசாருக்குப் போனவர், மீனோடு ஒரு சின்னப் பெட்டியும் கொண்டுவந்தார். பிரித்தால் சப்பாத்து. சிவப்பு நிறம், பக்கத்தில் பட்டன், புத்தம் புதுசு. பிள்ளையின் காலை அதற்குள் வைத்துப் பார்த்தேன், இரண்டு காலையும் ஒன்றிலேயே விடலாம்.

"இது ஒரு வயசுக்கு மேல போடற அளவு அத்தை."

"தெரியும்" என்றார் அத்தை, மீனை உரசிக்கொண்டே. "நடக்கறப்ப போடட்டும்."